அறுபது தாண்டிய தம்பதிக்கு நெடுந்தூர சைக்கிள்: வாசகர் கேள்விகள்

நெடுந்தூர சைக்கிள் பயணம் பற்றி அறுபதைத் தாண்டிய தம்பதிகள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கியும் இருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 62 வயது, என் கணவருக்கு 66. எப்போதும் அவர் அரைக் கிலோமீட்டர் முன்னால் போய்விடுவார். எங்காவது நிழலில் நின்று காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் "கிளம்பலாமா?" என்பார். அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, எனக்கு இல்லை. பத்து நாள் பயணத்தை இப்படி ஓட்ட முடியுமா?

பதில்: முடியாது. மூன்றாம் நாள் பேச்சு குறையும், ஐந்தாம் நாள் முழங்கால் பேச ஆரம்பிக்கும். துரத்திக்கொண்டே ஓட்டுபவர் தன் சக்திக்கு மேல் மிதிக்கிறார். ஓய்வும் இல்லாததால் அது நாளுக்கு நாள் சேர்கிறது. முதல் வேலையாக, ஓய்வு நேரத்தைப் பின்னால் வருபவர் வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். பத்து நிமிடம் என்றால் உங்களுக்குப் பத்து நிமிடம். அவர் இருபது நிமிடம் நின்றது அவர் கணக்கு.

அடுத்தது சாமான். இருவருடையதும் சேர்ந்து 24 கிலோ என்றால் 12, 12 என்று பிரிப்பது நியாயம்போலத் தெரியும். மேட்டுக்கு அந்த நியாயம் தெரியாது. மேட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது ஆள், சைக்கிள், சாமான் மூன்றும் சேர்ந்த எடை. உங்கள் பக்கம் மொத்தம் 90 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 9 கிலோ குறைந்தால் அதே மிதிக்கு ஏற்றத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக வேகம் கிடைக்கும். அந்த 9 கிலோ அவர் கேரியரில் ஏறுவதால் அவர் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். கூடாரம், அடுப்பு, பாத்திரம், கருவிப்பை, பூட்டு எல்லாம் அவரிடம் போகட்டும். உங்களிடம் உடையும் படுக்கைப் பையும் போதும். கனமானவை பைக்குள் அடியில், சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கேரியரின் மேல்தட்டில் கனத்தைக் கட்டினால் எழுந்து மிதிக்கும்போது சைக்கிள் ஆளை ஆட்டும்.

சமதரையில் இந்த உத்தி பெரிதாக உதவாது, ஏனென்றால் அங்கே எதிரி எடை அல்ல, காற்று. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டில் மெதுவானவர் முன்னால் போய் வேகத்தை வைக்கட்டும். எதிர்காற்றில் பலமானவர் முன்னால் போய்க் காற்றை உடைக்கட்டும், மற்றவர் ஒரு மீட்டர் பின்னால் ஒட்டி வரட்டும். அதைவிட நெருங்க வேண்டாம். பின்னவரின் முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்தை உரசினால் விழுவது பின்னவர்தான். "பள்ளம்", "பிரேக்" என்று முன்னால் போகிறவர் குரல் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, தனித்தனியே போக நேர்ந்தாலும் சமாளிக்கிற மாதிரி இருங்கள். டியூப், பம்பு, தண்ணீர், போன், கொஞ்சம் பணம், மருந்துச் சீட்டு ஆகியவை இருவரிடமும் தனித்தனியே இருக்கட்டும். பம்பு முன்னால் போனவரிடம், பஞ்சர் பின்னால் வந்தவருக்கு என்பது தம்பதிப் பயணங்களில் அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னவர் நின்றே ஆக வேண்டும். நேரான சாலையில் எவ்வளவு இடைவெளி விழுந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மேடு ஏறினால் முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது. என் சைக்கிளில் 16 கியர் இருக்கிறது: முன்னால் 50, 34 பல், பின்னால் 11 முதல் 28 வரை. இன்னும் எத்தனை கியர் வேண்டும்?

பதில்: எண்ணிக்கை கிடக்கட்டும். உங்களிடம் உள்ள ஆகக் குறைந்த கியர் எது என்பதே கேள்வி. முன் பல்லைப் பின் பல்லால் வகுங்கள்: 34/28, அதாவது 1.21. சக்கரச் சுற்றளவு சுமார் 2.15 மீட்டர் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்ற சைக்கிள் 2.6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்றாவது சுற்றினால்தான் முழங்கால் தாங்கும். அந்தக் கணக்கில் வேகம் மணிக்கு 9.4 கி.மீ. ஆளும் சைக்கிளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ, ஏற்றம் 8 சதவீதம் என்றால் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 220 வாட் வேண்டும். அறுபது தாண்டியவர்களில் பயிற்சி எடுத்த ஒரு சிலரைத் தவிர யாராலும் அதை நீடித்துக் கொடுக்க முடியாது. முடியாதபோது என்ன செய்கிறீர்கள்? நிமிடத்துக்கு 35, 40 சுற்று என்று அழுத்தி அழுத்தி மிதிக்கிறீர்கள். அந்த அழுத்தம் முழுக்க முழங்கால் சில்லின் மேல் விழுகிறது.

இதே மேட்டில் முன் 22, பின் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான் போவீர்கள். 60 சுற்றில் மணிக்கு 5 கி.மீ., தேவைப்படுவது 120 வாட்டுக்குள். நடக்கிற வேகம்தான், ஆனால் உட்கார்ந்தபடி ஏறிவிடலாம். மணிக்கு 4 கி.மீ.க்குக் கீழே போனால் ஹேண்டில் அலைபாயும். அப்போது இறங்கித் தள்ளுவதில் எந்த வெட்கமும் இல்லை.

மலை சைக்கிளுக்கான மூன்று தட்டுச் செட் (22, 32, 42 போன்றது) போட்டுக்கொள்வது நல்ல வழி. முன் கியர் மாற்றியை அதற்கேற்பக் கீழே இறக்க வேண்டும். அது மூன்று தட்டுக்கு ஏற்றதா, கைப்பிடியில் உள்ள மாற்றும் லிவர் அதோடு ஒத்துப்போகுமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். பின்னால் 34 பல் போடுவதானால், பின் கியர் மாற்றி அந்த அளவைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 28 பல்லுக்கான குட்டைக் கை உள்ளது பெரும்பாலும் தாங்காது. செயினும் நீளமாக வேண்டும். கியர் மாற்றிக்குள் நுழைக்காமல், செயினை முன் பெரிய தட்டிலும் பின் பெரிய பல்லிலும் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேரும் இடத்துக்கு மேல் ஒரு முழுக் கண்ணி, அதாவது ஓர் அங்குலம், கூட்டி வெட்டுங்கள். குட்டையாக வெட்டிவிட்டு இரண்டு பெரிய பல்லிலும் ஒரே நேரத்தில் போட்டால் கியர் மாற்றியே பிய்ந்துகொண்டு வரும்.

சீட் உயரத்தையும் பாருங்கள். முன்பக்க வலிக்கு சீட் தாழ்வாக இருப்பதும் காரணமாகலாம். முழங்காலுக்குப் பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் உயரம் ஏறத்தாழச் சரி. மாற்றினால் ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ., பிறகு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம். மூட்டுத் தேய்மானத்தால் கால் முழுதாக மடங்காதவர்கள் 170 மி.மீ. பெடல் கையை 165 அல்லது 160க்கு மாற்றினால் மேல் சுற்றில் மடக்குவது குறையும். அப்படி மாற்றும்போது குறைத்த அளவுக்குச் சீட்டை உயர்த்த மறக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு சைக்கிள் எதற்கு, இருவரும் மிதிக்கும் டாண்டம் ஒன்றே போதாதா?

பதில்: வேக வித்தியாசம் என்ற தலைவலி அதோடு தீர்ந்துவிடும். வேறு சில தலைவலிகள் வரும். மிதிப்பது இருவர், காற்றைக் கிழிப்பது ஏறக்குறைய ஒருவர் அளவு. அதனால் சமதரையிலும் இறக்கத்திலும் பறக்கும். மேட்டில் இருவரின் மிதியும் ஒத்துவரப் பழகும்வரை இழுக்கும்.

ஆட்களும் சாமானும் சேர்ந்து 170 கிலோ இரண்டே சக்கரத்தில் நிற்பதால் 40 அல்லது 48 கம்பி உள்ள சக்கரம் கேளுங்கள், டயர் அகலம் 35 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். நீண்ட இறக்கத்தில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி, உள்ளே காற்றழுத்தம் கூடி டயர் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கோ, மூன்றாவதாக, இறக்கம் முழுக்கப் பிடித்தபடியே இருக்கும் ஒரு இழுவைப் பிரேக்கோ இருப்பது நல்லது. இரண்டு பெடல்களையும் இணைக்கும் இடப்பக்கச் செயின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் போதும். அதைவிடத் தொய்ந்தால் மேட்டில் கழன்று விழும்.

முக்கியமான சோதனை முன்னால் அமர்பவருக்குத்தான். பின்னால் இருப்பவர் காலைப் பெடலிலிருந்து எடுக்காமல் இருக்க, இவர் இரு காலையும் அகட்டி நின்று மொத்தப் பாரத்தையும் பிடிக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் அதற்குத் தயாரா என்று பாருங்கள். இருவரில் ஒருவருக்குப் பார்வையோ சமநிலையோ குறைந்திருந்தால் டாண்டத்தைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மற்றவர்கள் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: மனைவிக்கு மட்டும் மின்சார சைக்கிள் வாங்கினால் ஈடாகுமா?

பதில்: நன்றாகவே ஈடாகும், ஆனால் கணக்குப் பார்த்து. 500 வாட்-மணி பேட்டரி, சாமானோடு, குறைந்த உதவி நிலையில் கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட்-மணி தின்னும். அதாவது 40 முதல் 60 கி.மீ. உதவியைக் கூட்டினாலோ மலை வந்தாலோ அது பாதியாகும். குளிரிலும் குறையும். நாளைத் திட்டமிடும்போது பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை எண்ணாமல் விடுங்கள். 4 ஆம்பியர் சார்ஜர் அதை நிரப்ப நான்கைந்து மணி நேரம் ஆகும். மதிய ஓய்வில் சொருகி எடுத்தால் பாதி கூட ஏறாது.

வாங்கும் முன் இரண்டு சோதனை. மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு மேடு ஏறிப் பாருங்கள், பேட்டரி தீர்ந்த நாளில் ஓட்டப்போவது அதைத்தான். பிறகு சாமான் இல்லாமலே இருவருமாகப் படிக்கட்டில் தூக்கிப் பாருங்கள், 25 கிலோ இருக்கும்.

விமானத்தில் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், முடியாது. பயணிகள் எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணிவரை தடையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதி கிடையாது. போய் இறங்கும் இடத்தில் வாடகைக்கு எடுப்பதே வழி.

கேள்வி: இவருக்கு ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் வாங்கினோம். எவ்வளவு மூச்சிரைத்தாலும் இவருக்கு 105க்கு மேல் காட்டுவதில்லை. கடிகாரம் பழுதா?

பதில்: இரண்டில் ஒன்று பீட்டா பிளாக்கர் வகையா என்று சீட்டில் பாருங்கள். அந்த மருந்து துடிப்பை ஏறவிடாது. வயதை வைத்துப் போடும் துடிப்புக் கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது. பேச்சை அளவாக வையுங்கள்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் நாள் முழுக்க ஓட்டலாம், இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நின்றால் வேகம் அதிகம். நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைசுற்றல் என்றால் இறங்கி உதவிக்கு அழைக்க வேண்டும். கிளம்புமுன் இருவரும் மருத்துவரிடம் "வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்" என்று தெளிவாகச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "கொஞ்சம் சைக்கிள் ஓட்டுவோம்" என்று சொன்னால் அவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்.

இன்னொரு மாத்திரை நீர் பிரிப்பதாக இருந்தால் வெயில் நாளில் கவனம் கூடுதலாக வேண்டும். நின்று இறங்கியதும் தலைசுற்றி விழுவது அதில் சாதாரணம். அளவை நீங்களாக மாற்றாதீர்கள், வெயில் நாளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வயதானால் தாகம் தாமதமாகத் தெரியும், அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள்: மிதமான நாளில் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால். நாள் முழுக்க வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் அதன் அடையாளம். நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஆபத்து கூடுதல். எவ்வளவு உப்புக் கலந்து குடிக்கலாம் என்பதையும் அதே மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் விஷயம். சைக்கிள் ஓட்டும்போது மட்டும் சர்க்கரை இறங்குவதில்லை, அன்றிரவு தூக்கத்திலும் இறங்கும். கிளம்பும் முன், ஓட்டும்போது ஓரிரு மணிக்கு ஒரு தடவை, படுக்கும் முன் என்று பாருங்கள். பயண நாளில் எத்தனை யூனிட் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மிதிக்கப் போகும் தொடையில் ஊசி போடாதீர்கள், வேலை செய்யும் தசையிலிருந்து மருந்து வேகமாக ரத்தத்தில் சேரும். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. குளுக்கோஸ் உங்கள் கணவரின் சட்டைப் பையிலும் இருக்கட்டும், ஏனென்றால் குழம்பிப்போகும் நேரத்தில் நீங்கள் பையைத் தேடமாட்டீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை வெயிலில் காயும் கறுப்புப் பையில் வைக்காமல், தண்ணீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிரும் உறையில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பனி இளகிய பிறகும் பயன்படாது. மருந்துப் பெயர்களை வணிகப் பெயராக இல்லாமல் வேதிப் பெயராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஊர் மாறினால் டப்பா மாறும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: தலையில் அடிபட்டால், ஒன்றுமில்லை என்று தோன்றினாலும், அன்றே மருத்துவமனை.

கேள்வி: விரலில் பலமில்லை. பஞ்சரான டயரைக் கழற்றவே முடிவதில்லை. கழற்றினாலும் மறுநாள் அதே டியூப் போகிறது.

பதில்: இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முதலாவது பலம் சம்பந்தப்பட்டதே அல்ல. ரிம்மின் உள்ளே, நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. காற்றை முழுக்க விட்டுவிட்டு, வால்வுக்கு எதிர்முனையிலிருந்து ஆரம்பித்து, இரு பக்க டயர் ஓரத்தையும் கட்டைவிரலால் நெரித்து அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டே வால்வுவரை வாருங்கள். பிறகு டயரை நெம்பும் லிவரைப் போடும் இடத்தில் ஒரு விரல் அளவுக்குத் தளர்வு கிடைத்திருக்கும். மாட்டும்போதும் இதே சூட்சுமம்தான், வால்வில் முடியுங்கள். வால்வுக்கு அருகே டியூப் பருத்திருப்பதால் அங்கே ஓரம் பள்ளத்துக்குள் போகாது. அதனால்தான் வால்வில் ஆரம்பிப்பவர்கள் கடைசி ஒரு சாணில் மாட்டிக்கொண்டு, லிவரால் நெம்பி, புது டியூப்பையே கிள்ளிவிடுகிறார்கள்.

இரண்டாவதுக்குக் காரணம் கண். டயருக்குள் தங்கிய முள் நுனியோ கம்பி இழையோ 2 மி.மீ.கூட இருக்காது. கிட்டப் பார்வை குறைந்தவருக்கு அது தெரியாது. கருவிப் பையில் ஒரு படிப்புக் கண்ணாடி நிரந்தரமாகக் கிடக்கட்டும். விரலால் தடவாதீர்கள், கிழிக்கும். ஒரு துண்டுப் பஞ்சை உள்பக்கம் சுற்றிலும் இழுங்கள், எங்கே நார் மாட்டுகிறதோ அங்கே முள். டியூப்பில் துளை எங்கே இருக்கிறது என்று வால்விலிருந்து அளந்து, டயரில் அதே தூரத்தில் தேடினால் இன்னும் சீக்கிரம் அகப்படும். துளை டியூப்பின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால் முள்ளைத் தேடுவது வீண். ரிம் பட்டை நகர்ந்து கம்பித் துளையின் விளிம்பு டியூப்பைக் குத்தியிருக்கும்.

காற்று: 37 மி.மீ. டயருக்குச் சாமானோடு பின்னால் 55 முதல் 60 பி.எஸ்.ஐ., முன்னால் அதைவிடப் பத்துக் குறைவாக வைத்துப் பாருங்கள். கல்லாக ஏற்றினால் மணிக்கட்டுக்குத்தான் அடி.

கேள்வி: பின் சக்கரத்தில் கம்பி உடைந்துகொண்டே இருக்கிறது. சாமான் அதிகமா?

பதில்: சாமான் சாட்சி மட்டும். பெரும்பாலும் குற்றவாளி, கம்பிகளின் இழுவிசை சமமாக இல்லாதது. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி, சக்கரத்தின் நடு உருளையான ஹப்பை ஒட்டிய வளைவில் உலோகம் களைத்து உடைகிறது. வழக்கமாகச் செயின் பக்கம். மூன்றாவது கம்பி உடைந்தால் ஒன்றொன்றாக மாற்றுவதை நிறுத்திவிட்டு, எல்லாக் கம்பியையும் புதிதாகப் போட்டுக் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். பயணத்தில் நாலு உபரிக் கம்பி வேண்டும். இரு பக்க நீளமும் ஓரிரு மி.மீ. வேறுபடும் என்பதால் அளந்து வாங்குங்கள். பின் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லாமல் செயின் பக்கக் கம்பியை மாற்ற முடியாது. அடுத்த ஊர்வரை போக, உடைந்த கம்பிக்கு இருபுறமும் உள்ள எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ரிம் பிரேக்கில் உரசாமல் ஓடும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மாதம் பயிற்சி?

பதில்: இருவரில் மெதுவானவர் தொடர்ந்து மூன்று நாள், சாமானோடு ஓட்டி, நாலாம் நாள் காலையில் "இன்றும் போகலாம்" என்று சொல்லும் தூரம். பலருக்கு அது 40 முதல் 60 கி.மீ.யில் நிற்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 80 ஓட்டியது இதற்கு அத்தாட்சி ஆகாது. வயதில் குறைவது ஒரு நாள் பலத்தைவிட, மறுநாள் தேறும் வேகம். அதனால் பன்னிரண்டு வாரப் பயிற்சியில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டுவது கட்டாயம். வாரத் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், நாலாவது வாரம் குறைத்து ஓட்டுங்கள். கடைசி மூன்று வாரம் முழுச் சாமானோடு. சைக்கிள் எலும்புக்கு வேலை கொடுக்காது, ஆகவே வாரம் இருமுறை நடையும் எடைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணத்தில் மூன்று நாளுக்கு ஒரு நாள் ஓய்வு.

முதல் பயணத்துக்கு ஆற்றோரப் பாதையோ, கைவிட்ட ரயில் தடத்தில் போட்ட பாதையோ பாருங்கள். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்களில் ஏற்றம் பெரும்பாலும் இரண்டு, மூன்று சதவீதத்தைத் தாண்டாது. ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றங்கரையில், ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரையிலான சுமார் 320 கி.மீ. பாதை, பெரும்பாலும் சமதரையாக இருப்பதால், வயதானவர்கள் நிறையத் தேர்ந்தெடுப்பது. அதை ஏழு நாளாகப் பிரித்தால் நாளுக்கு 46 கி.மீ.தான்.

கேள்வி: மூன்றாம் நாளிலிருந்து சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன.

பதில்: உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. ஹேண்டிலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள், சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் சமமாக்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். மெத்தைக் கையுறை உதவும், ஆனால் சரிந்த சீட்டுக்கு அது மருந்தாகாது. பயணம் முடிந்து சில வாரத்திலும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: விமானத்துக்குச் சைக்கிளைப் பெட்டியில் போடும்போது இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை.

பதில்: எதிர்த்திசையில் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மாட்டும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை அடம் பிடிக்காது. பின் கியர் மாற்றியைக் கழற்றி, துணி சுற்றிச் சட்டத்துக்கு உள்பக்கம் கட்டுங்கள், அடிபடும் முதல் பாகம் அதுதான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் சொருகுங்கள். பெட்டியைத் தூக்கும்போது யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் இரண்டு கட்டையும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது. அப்படி ஒட்டிவிட்டால் அகலமான தட்டை முனையால், டயர் லிவர் நல்லது, கட்டைகளை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். கட்டையின் முகத்தில் கை எண்ணெய் படக் கூடாது.